நீதிமன்றத்தாரின் வீட்டு முகவரி: யாருக்குப் பாதுகாப்பு, எதற்குத் திரை?

2025 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, அன்றைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாயை நோக்கி வழக்கறிஞர் ஒருவர் காலணியை வீச முயன்றார். பின்வந்த நாள்களில் சமூக ஊடகங்களில் பரவியவை அதனினும் இழிவானவை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கிய காணொளிகளும், அவருடைய சாதியைக் குறிவைத்த படங்களும், வன்முறையைத் தூண்டும் பதிவுகளும் பல்லாயிரம் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பஞ்சாப் காவல்துறை பல வழக்குகளைப் பதிவு செய்தது. மகாராட்டிரத்தின் நவி மும்பையிலும் ஒரு வழக்குப் பதிவானது. பட்டியல் சாதியிலிருந்து அப்பதவிக்கு வந்த இரண்டாமவர் கவாய், முதலாமவர் கே.ஜி.பாலகிருஷ்ணன்.

நாட்டின் முதல் நீதிபதி என்பதால் காவல்துறை விரைந்தது. அதே வெறுப்பு தாம்பரத்திலோ ஆலந்தூரிலோ ஒரு கீழமை நீதிமன்றத்தில் பணியாற்றும் தலித் எழுத்தர் மீது, அவருடைய தெருப் பெயரோடும் பிள்ளைகளின் படத்தோடும் வாட்ஸ்அப் குழுவில் கொட்டப்பட்டால் என்ன நடக்கும்? எந்தச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும்? நீதித்துறையைக் கூர்ந்து விமர்சிக்க வேண்டிய தேவையுள்ள தலித் இயக்கங்கள் இந்தக் கேள்வியை எப்படி அணுக வேண்டும்? இக்கட்டுரை இவற்றைத்தான் பேசுகிறது.

நீதிமன்றத்தார் என்றால் யார்?

2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்கள் அதில் அடங்கின. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியும், 2022 சனவரி 1 முதல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகமும் வந்தன. ஆக, இப்புறநகரில் ஒரு வன்கொடுமை வழக்கைத் தொடுப்பவர் காவல்துறைக்குத் தாம்பரத்தையும், மாவட்ட நீதித்துறைத் தலைமைக்குச் செங்கல்பட்டையும் நாட வேண்டியிருக்கிறது.

இந்த நீதிமன்றங்களுக்குள் நுழையும் ஏழை வழக்காளி முதலில் சந்திப்பது நீதிபதியை அன்று. பெஞ்ச் கிளார்க், சிரஸ்தார், தட்டச்சர், நகல் பிரிவு எழுத்தர், அலுவலக உதவியாளர், அழைப்பாணையோடு வீட்டுக்கே வரும் அமீனா ஆகியோரே மக்களுக்கு நீதிமன்றத்தின் முகம். நீதிபதிகள் சில ஆண்டுகளுக்கொருமுறை வேறு மாவட்டம் போய்விடுவார்கள். பணியாளர்களோ பெரும்பாலும் அதே மாவட்டத்திலேயே வீடு எடுத்து, அதே கடைத்தெருவில் காய்கறி வாங்கி வாழ்பவர்கள். தோற்ற தரப்பினரின் சினம் முதலில் எட்டுகிற தொலைவில் இருப்பவர்களும் இவர்களே.

இதில் சாதிக்கணக்கு ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் மாவட்ட நீதித்துறைப் பணிகளில் இடஒதுக்கீடு உண்டு: பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனங்களில் அது இல்லை. 2018 முதல் 2024 ஜூலை வரை உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 661 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 21 பேர், பழங்குடியினர் 12 பேர் என்பது ஒன்றிய அரசே தந்த கணக்கு. படிக்கட்டில் கீழே இறங்க இறங்க நம் மக்கள் கூடுகிறார்கள்; பாதுகாப்பு குறைகிறது. ‘நீதிமன்றத்தாரின் தனித்தகவலைக் காத்தல்’ என்று சட்டமியற்றுவோர் பேசும்போது அவர்கள் மனத்தில் இருப்பது மேல்படிக்கட்டு. நாம் பேச வேண்டியது கீழ்ப்படிக்கட்டிலிருந்து.

முகவரி என்பது இங்கே வெறும் இடக்குறிப்பு அன்று என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பெயருக்குப் பின்னால் ‘காலனி’ என்றோ ‘அம்பேத்கர் நகர்’ என்றோ இருந்தால் அது சாதிச் சான்றிதழின் வேலையைச் செய்துவிடும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததற்கு இதுவே பின்னணி. சொல்லை நீக்கலாம், எந்தத் தெரு ஊர், எந்தத் தெரு சேரி என்பதைச் சுற்றுவட்டாரம் முழுதும் அறியும். ஆகவே ஒரு தலித் பணியாளரின் வீட்டு முகவரி வெளியாகும்போது அவர் எங்கே இருக்கிறார் என்பதோடு, அவர் யார் என்பதும் சேர்ந்தே வெளியாகிறது.

கர்ணன் வழக்கு: நாம் பேசத் தயங்கியது

தமிழ்நாட்டில் இப்பொருள் மிகக் கூர்மையாக எழுந்தது முன்னாள் நீதிபதி சி.எஸ்.கர்ணன் வழக்கில். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோதே, சக நீதிபதிகள் தம்மைச் சாதி காரணமாக இழிவுபடுத்துவதாக 2011இல் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்திடம் முறையிட்டவர் அவர். பின்னர் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார். 2017 மே 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அவமதிப்புக் குற்றத்துக்காக அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. பதவியிலிருந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அவ்வாறு தண்டிக்கப்பட்டது அதுவே முதல்முறை. இனி அவர் கூறும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்றும் அந்த ஆணை தடுத்தது. ஒருவரின் வாயையே அடைக்கும் அந்தத் தடையைத் தலித் இயக்கங்கள் பல எதிர்த்தன. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே இன்றும் நம் கருத்து.

2020இல் நடந்தது வேறு. ஓய்வுபெற்றபின் அவர் வெளியிட்ட காணொளிகளில் நீதிபதிகளின் மனைவியர் குறித்துப் பாலியல் வன்முறை மிரட்டல்கள் இருந்ததாகவும், நீதிபதிகள் சிலர் நீதிமன்றப் பெண் ஊழியர்களிடம் அத்துமீறினர் என்று குற்றஞ்சாட்டியபோது அப்பெண்களின் பெயர்களையே அவர் கூறியதாகவும் புகார் எழுந்தது. பெண் வழக்கறிஞர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினர். சென்னைக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. வழக்கறிஞர் மன்றத்தின் மனுவை ஏற்று, நவம்பரில் உயர் நீதிமன்றம் அக்காணொளிகளை முடக்க ஆணையிட்டது. டிசம்பர் 2 அன்று அவர் கைது செய்யப்பட்டார்.

கைதையும் வழக்கையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அந்தப் பெண் ஊழியர்களின் இடத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். குற்றச்சாட்டு மெய்யாயினும் பொய்யாயினும் அவர்களில் எவரும் தம் பெயரைச் சொல்லுமாறு கேட்டதாகத் தெரியவில்லை. மேலே இருப்பவர்களை அடிக்க எடுத்த கல் கீழே இருப்பவர்கள்மீது விழுந்தது. காணொளியை ஆணையிட்டு முடக்கலாம்; ஒரு பெண் எழுத்தரின் பெயர் ஒருமுறை அவ்வாறு ஊரெங்கும் போனபின் அவர் மறுநாள் எப்படி அந்த அறைக்குள் நுழைந்து கோப்பை எடுப்பார்? 2017ஐயும் 2020ஐயும் ஒன்றாகக் கட்டி, ‘தலித் நீதிபதி என்பதால் பழிவாங்கப்பட்டார்’ என்று பேசுவோர் இந்தப் பெண்களைக் கணக்கில் சேர்ப்பதேயில்லை. அநீதிக்கு ஆளான ஒருவர் இன்னொருவரின் தனித்தகவலை ஆயுதமாக்கும்போது, அதையும் அதன் பெயரிலேயே அழைக்க வேண்டும்.

நடைப்பயிற்சிப் பாதையும் ஒரு தகவலே

வீட்டு எண்ணும் கைப்பேசி எண்ணும் மட்டும் தனித்தகவல் என்று நினைப்பது தவறு. 2021 ஜூலை 28 அன்று ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாதில் மாவட்ட நீதிபதி உத்தம் ஆனந்த் விடியற்காலை நடைப்பயிற்சியின்போது ஆட்டோவால் மோதிக் கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. சரியாக ஓராண்டு கழித்து இருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. ஒரு மனிதர் எந்நேரத்தில் எந்தச் சாலையில் தனியாக இருப்பார் என்பதைத் தெரிந்துகொள்வதே கொலைக்குப் போதுமானதாக இருக்கிறது.

அடுத்த ஆண்டே இந்தக் கொலை தமிழ்நாட்டில் மிரட்டலாக எதிரொலித்தது. கல்வி நிலையங்களில் ஹிஜாப் அணிவது குறித்துக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தபின், மதுரையில் நடந்த கூட்டமொன்றில் பேசியவர் ஜார்க்கண்ட் கொலையை நினைவூட்டி, கர்நாடகத் தலைமை நீதிபதி எங்கே நடக்கப் போகிறார் என்பதும் மக்களுக்குத் தெரியும் என்ற பொருள்படப் பேசினார் எனப் புகாரானது. நெல்லையிலும் தஞ்சையிலும் கைதுகள் நடந்தன. தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளுக்கும் ஒய் பிரிவுப் பாதுகாப்பு அளித்தது கர்நாடக அரசு. அத்தீர்ப்பை விமர்சிக்கச் சிறுபான்மையினருக்கு முழு உரிமை இருந்தது. ‘எங்கே நடக்கிறார் என்று தெரியும்’ என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சு தீர்ப்பிலிருந்து ஆளுக்குத் தாவிவிட்டது.

ஒய் பிரிவுப் பாதுகாப்பு அமீனாவுக்குக் கிடைக்காது. அவர் இருசக்கர வண்டியில் தனியாகப் போகிறவர்.

பதிவேடுகளும் பஞ்சமி நிலமும்

ஒருவரின் வீட்டைக் கண்டறிய இன்று ஒற்றர் தேவையில்லை. வாக்காளர் பட்டியல், நிலப் பதிவேடுகள், வில்லங்கச் சான்று, வழக்குப் பட்டியல் எல்லாம் இணையத்தில் உள்ளன; மீதியை நாமே முகநூலில் போட்டுவிடுகிறோம். எனவே நீதிமன்றத்தாரைக் காக்க இப்பதிவேடுகளையெல்லாம் மூடிவிட வேண்டும் என்ற குரல் எழுவது இயல்பு.

செங்கல்பட்டு மாவட்டத்தில் நின்றுகொண்டு அந்தக் குரலுக்கு உடன்பட நம்மால் இயலாது. 1891இல் இம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையை விவரித்து அளித்த அறிக்கையிலிருந்தே பஞ்சமி நில ஒதுக்கீடு பிறந்தது. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின, எந்த ஆலைக்கும் எந்த மனைப்பிரிவுக்கும் அடியில் அவை புதைந்துள்ளன என்பதை மீட்பு இயக்கங்கள் கண்டறிந்ததெல்லாம் பழைய பதிவேடுகளையும், பட்டாவையும், வில்லங்கச் சான்றையும், தகவல் உரிமை மனுக்களையும் கொண்டே. காரணை நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அவர்கள் யாருக்காக மடிந்தார்களோ அம்மக்களுக்கு நிலப் பதிவேடு மூடப்படுவது அந்தப் போராட்டத்தின் கதவு மூடப்படுவதேயாகும். நிலத்தை வாங்கியவர் அலுவலராக இருந்தாலும், அரசியல்வாதியாக இருந்தாலும், நீதிமன்றத்தாராகவே இருந்தாலும் சர்வே எண்ணின் வரலாறு மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்த முரணுக்கு ஒரு வழி உண்டு என்றே தோன்றுகிறது. பஞ்சமி நிலத்தைத் தேடுபவர் சர்வே எண்ணிலிருந்து தொடங்கி உரிமையாளரின் பெயருக்குப் போகிறார். வேட்டையாடுபவரோ பெயரிலிருந்து தொடங்கி வீட்டுக்குப் போகிறார். முதல் தேடல் திறந்திருக்கலாம். இரண்டாவது தேடலைக் கடினமாக்கலாம். இதற்கு முன்னுதாரணமும் உண்டு. வாக்காளர் பட்டியலைச் சொல் தேடக்கூடிய வடிவில் தர வேண்டும் என்று காங்கிரசுத் தலைவர் கமல்நாத் தொடுத்த வழக்கை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாக்காளர்களின் அந்தரங்கம் அங்கே ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பட்டியல் பொதுவில் இருக்கிறது. நொடியில் ஒருவரைப் பொறுக்கியெடுப்பது மட்டும் எளிதாக இல்லை. (அந்த வடிவம் போலி வாக்காளர்களைக் கண்டறியவும் தடையாகிறது என்ற எதிர்வாதம் வலுவானது. அது தனியே பேசத் தக்கது.)

சொத்துக் கணக்கிலும் இதுவே வழி. இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. 2025 மே மாதத்தில் நீதிபதிகளின் சொத்து விவரங்களைத் தன் இணையதளத்தில் வெளியிட்டது. ஒரு நீதிபதிக்கு எவ்வளவு நிலம், எந்த ஊரில், எப்போது வாங்கியது என்பதை அறிய அவர் குடியிருக்கும் வீட்டின் கதவு எண் யாருக்கும் தேவையில்லை.

சட்டம் எந்தக் கதவை முதலில் மூடியது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்தது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அப்போது நடந்ததைக் கல்லூரி மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். குடிமக்களின் தரவைக் கையாளும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முதன்மைப் பிரிவுகள் பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் 44(3) பிரிவோ உடனடியாக நடைமுறைக்கு வந்துவிட்டது.

முன்பு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவின்கீழ், பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனித்தகவலை மட்டுமே மறுக்க முடிந்தது. பெரும் பொதுநலன் இருந்தால் அதையும் தர வேண்டும் என்று அப்பிரிவே கூறியது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இப்போது ‘தனிநபர் தகவல்’ என்ற ஒற்றைக் காரணம் போதும். பொதுநலன் கருதித் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு எஞ்சியிருக்கிறது. மனுதாரர்கள் இனி ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் அதையே பற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு நீதிமன்றத்தில் எத்தனை தலித் பணியாளர்கள், எந்தப் பதவிகளில், பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை என்று கேட்டாலும் இப்பிரிவைக் காட்டி மறுக்கும் அலுவலர்கள் வரக்கூடும். எண்ணிக்கை எவருடைய தனித்தகவலும் ஆகாது என்று முதல் மேல்முறையீட்டிலேயே எழுத வேண்டும்.

சரி, நாம் இழந்ததற்கு ஈடாக அந்தப் பெண் எழுத்தருக்காவது பாதுகாப்புக் கிடைத்ததா? பெரிதாக இல்லை. சட்டப்படி பொதுவில் வெளியிடப்பட்டாக வேண்டிய தகவலுக்கு இச்சட்டம் பொருந்தாது. தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்குக் கையாளும் தகவலுக்கும் பொருந்தாது. வாக்காளர் பட்டியலிலிருந்து முகவரியை எடுத்துப் பகிர்பவர் இந்த இடைவெளிகளைக் காட்டித் தப்பிக்க முயல்வார். இன்னொரு குறை நம்மை நேரடியாகத் தொடுகிறது. 2019ஆம் ஆண்டின் முந்தைய சட்ட முன்வடிவு ‘சாதி அல்லது பழங்குடி’ என்பதைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய நுண்ணிய தரவுகளின் பட்டியலில் வைத்திருந்தது. 2023 சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. உங்கள் சாதியும் உங்கள் காலணி அளவும் இன்று சட்டத்தின் கண்ணில் ஒரே தரத் தரவுகள்.

தனித்தகவலை இணையத்தில் அம்பலப்படுத்துவதைக் குற்றமாக வரையறுக்கும் தனிப் பிரிவு இந்தியாவில் இல்லை. மிரட்டலும் சேர்ந்திருந்தால் பாரதிய நியாயச் சட்டத்தின் 351, பொது ஊழியரின் பணியைத் தடுக்கும் நோக்கில் மிரட்டினால் 224, பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தந்தால் 78 ஆகிய பிரிவுகள் பொருந்தும். சாதி வசை இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின் ஆர், எஸ், யு உட்பிரிவுகளைப் பார்க்க வேண்டும். இணையப் பதிவும் ‘பொதுப்பார்வையில்’ நிகழ்ந்ததே என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியுள்ளது. மிரட்டலோ வசையோ இன்றி, ‘இவர் இந்தத் தெருவில் இருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் எழுதியவரை எந்தப் பிரிவின்கீழ் கொண்டுவருவது என்பதில்தான் காவல் நிலையம் கைவிரிக்கும்.

அமெரிக்காவில் இதற்கெனத் தனிச் சட்டமே உண்டு. 2020 ஜூலை 19 அன்று நியூ ஜெர்சியில் கூட்டாட்சி நீதிபதி எஸ்தர் சலாசின் வீட்டுக் கதவைத் தட்டிய ஒருவர் அவருடைய மகன் டேனியலைச் சுட்டுக் கொன்றார், கணவரும் படுகாயமுற்றார். கொலையாளி அவர்முன் வழக்காடிய வழக்கறிஞர். நீதிபதியைப் பற்றிய விவரங்களை இணையத்திலிருந்து திரட்டியிருந்தார். அவ்வாண்டே அம்மாநிலம் டேனியல் பெயரில் சட்டமியற்றியது. 2022 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டமும் வந்தது. நீதிபதியும் அவருடைய குடும்பத்தினரும் கேட்டுக்கொண்டால் வீட்டு முகவரியை இணையத்திலிருந்து நீக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அதே சட்டம் வேறொரு வேலையும் செய்தது. நியூ பிரன்ஸ்விக் நகரக் காவல் இயக்குநர் அந்நகரிலேயே இல்லை, இரண்டு மணி நேரத் தொலைவில் வசிக்கிறார் என்று கண்டறிந்த உள்ளூர்ச் செய்தியாளருக்கு, முகவரியை வெளியிட்டால் நடவடிக்கை என்று எச்சரிக்கை போயிற்று. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஜூனில் அந்நீதிமன்றம், அவர் எந்த ஊரில் வசிக்கிறார் என்று எழுதலாம், தெருவும் கதவு எண்ணும் வெளியிடக் கூடாது என்ற நிலையில் சட்டத்தை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் வந்தால் அதன் எல்லைக்கோடு அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் போனால் பஞ்சமி நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு அலுவலரும் அச்சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். அதில் அமீனாவும் அலுவலக உதவியாளரும் சேர்க்கப்படாவிட்டால் அது மேல்படிக்கட்டுச் சட்டமாகவே நிற்கும்.

நம் பதிவுகள்

2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் அங்கு வாழ்ந்த மக்கள் தொலைவிலுள்ள அடுக்ககங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். நீதிமன்ற ஆணைகளின் பெயரால் நடக்கும் இத்தகைய வெளியேற்றங்களின்போது செயற்பாட்டாளர்களின் கைப்பேசிகளே முதல் சாட்சியம். அந்த ஆணையை வரி வரியாக விமர்சியுங்கள். ஆணையிட்ட நீதிபதியின் பெயரை எழுதுங்கள். அது தீர்ப்பிலேயே உள்ளது. ஒரே நீர்நிலையில் குடிசைக்கு ஒரு நீதியும் நிறுவனக் கட்டடத்துக்கு ஒரு நீதியும் ஏன் என்று கேளுங்கள். இவை எதுவும் தனித்தகவல் ஆகா.

ஆணையை ஒட்டவந்த பணியாளரின் முகத்தை அண்மைக்காட்சியில் எடுத்து, வண்டி எண்ணோடும் கைப்பேசி எண்ணோடும் பரப்புவது வேறு. பல நேரங்களில் அவரும் இன்னொரு குடியிருப்பிலிருந்து வந்த நம்மவராகவே இருக்கிறார். அழைப்பாணையைப் படமெடுத்துப் பகிரும்போது அதில் கையால் எழுதப்பட்ட கைப்பேசி எண்ணையும், மனுதாரரின் முகவரியையும் மறைக்க அரை நிமிடம் போதும். கையூட்டுக் கேட்டாலோ சாதி சொல்லித் திட்டினாலோ அவருடைய பெயர், பதவி, நாள், நேரம் ஆகியவற்றோடு முதன்மை மாவட்ட நீதிபதிக்கும் உயர் நீதிமன்றப் பதிவாளருக்கும் புகார் அனுப்பலாம். அப்புகாரைப் பொதுவிலும் வெளியிடலாம். அவருடைய மனைவி எந்தப் பள்ளியில் ஆசிரியர் என்பது அப்புகாருக்குத் தேவையில்லை.

சாட்சிக்கும் அதே திரை

நீதிமன்ற நடைக்கூடத்தில் பணியாளரின் அருகிலேயே நிற்கும் இன்னொருவர் உண்டு. வன்கொடுமை வழக்கின் புகார்தாரரும் சாட்சியும் நீதிமன்றத்தாரைவிடப் பன்மடங்கு வெளிச்சத்தில் நிறுத்தப்படுகிறார்கள். வழக்கு எந்நாளில் எந்த நீதிமன்றத்தில் என்பதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். 2023 ஜூலையில் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அருகிலேயே, விசாரணைக்கு வந்த ஒருவர்மீது நாட்டு வெடிகுண்டு வீசி வெட்டிக் கொன்றார்கள். அது சாதி வழக்கன்று. ஆயினும் வாய்தா நாள் என்பது என்ன வகையான தகவல் என்பதை அது காட்டியது. கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்ததும், விசாரணையை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற நேர்ந்ததும், தலைமறைவாக இருந்த முதன்மைக் குற்றவாளி வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகளால் ஆதரவு திரட்டியதும் நம் நினைவில் உள்ளவை.

இவர்களுக்காக ஏற்கனவே இருக்கும் சட்டம் போதிய அளவு பயன்படுத்தப்படுவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்டு 2016 சனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள 15ஏ பிரிவின் எட்டாம் உட்பிரிவு, சாட்சிகளின் பெயர்களையும் முகவரிகளையும் ஆணைகளிலும் தீர்ப்புகளிலும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களிலும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. தொல்லை குறித்த புகாரின்மீது தேவையானால் அன்றே ஆணையிடவும் சொல்கிறது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டமும், பாரதிய நாகரிகப் பாதுகாப்புச் சட்டத்தின் 398ஆம் பிரிவும் இதற்குத் துணை.

முதல் தகவல் அறிக்கையில் இன்னும் ஒரு வாய்ப்பு மறைந்திருக்கிறது. 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஆணைப்படி அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். பாலியல் குற்றங்கள் போன்ற நுண்மையான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. வன்கொடுமை வழக்கின் அறிக்கையில் புகார்தாரரின் பெயர், முகவரி, சாதி மூன்றும் இருக்கும். ஏற்ற வேண்டாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலருக்கு உண்டு. வன்கொடுமை வழக்கை 1995ஆம் ஆண்டின் விதிகளின்படி புலனாய்வு செய்ய வேண்டியவரும் அதே நிலை அலுவலரே. ஆணையரகத்தில் உதவி ஆணையர். ஆகவே புகார் கொடுக்கும் அன்றே, ஆபத்தின் காரணங்களைக் குறிப்பிட்டு, அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்று அவரிடம் எழுத்தில் கேட்டு ஒப்புகை பெறலாம்.

15ஏ பிரிவின்கீழ் மனுவைப் பாதிக்கப்பட்டவரோ, அவரைச் சார்ந்தவரோ, புகார்தாரரோ, சாட்சியோ, சிறப்பு அரசு வழக்கறிஞரோ அளிக்கலாம். நீதிமன்றம் தானாகவும் ஆணையிடலாம். கட்டணச் சட்டத் தரவுத்தளங்களும் இலவசத் தளங்களும் தீர்ப்பை எடுத்துக்கொண்டபின் பெயரை நீக்குவது மிகக் கடினம். விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பில் மறைக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2024 பிப்ரவரியில் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் ஜூலையில் நிறுத்திவைத்துவிட்டது. எனவே இம்மனுவைக் குற்றப்பத்திரிகை கோப்பில் எடுக்கப்படும் முன்பே, முதல் வாய்தாவுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.